சார்ஜென்ட் பாரிஸை விட்டு ஓடினாரா? கடிதங்கள் சொல்வதும் சொல்லாததும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உருவப்படங்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஜான் சிங்கர் சார்ஜென்ட் ‘மேடம் எக்ஸ்’ ஓவியத்தால் அவமானப்பட்டு பாரிஸிலிருந்து லண்டனுக்கு ஓடினார், அங்கே பணக்காரர்களை அழகாக்கி வரைந்து சம்பாதித்தார், 1907இல் வெறுத்துப்போய் உருவப்படமே வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று படித்தேன். இதெல்லாம் அவர் கடிதங்களிலேயே இருக்கிறதாமே, உண்மையா?" பார்வைக்கு மூன்று கேள்விகள். அடியில் கிடப்பது ஒன்றுதான்: மேட்டுக்குடிக்குப் படம் வரைந்த ஓர் ஓவியரின் தொழில் வாழ்க்கையை அவர் எழுதிய கடிதங்களை வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம்? சுருக்கமாகச் சொன்னால், ஓடவில்லை. அழகாக்கியதும் உண்டு, அழகாக்க மறுத்ததும் உண்டு. நிறுத்தினார், ஆனால் ஒரே நாளில் நிறுத்தவில்லை. கடிதங்களில் இருப்பது பாதிக் கதைதான்; அந்தப் பாதியிலும் பெரும்பகுதி ‘வியாழன் பதினொரு மணிக்கு வரமுடியுமா’ என்கிற வகைச் சீட்டுகள்.

அந்தக் கடிதக் கட்டு எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சார்ஜென்ட் நாட்குறிப்பு எழுதியவர் அல்ல. தனக்கு வந்த கடிதங்களைச் சேர்த்துக் கட்டி வைத்தவரும் அல்ல. ஆகவே இன்று படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் அவர் அனுப்பி, பெற்றவர்கள் பத்திரப்படுத்தியவை. பாஸ்டனின் கலைச் சேகரிப்பாளர் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் காகிதத் துண்டைக்கூட விடாமல் வைத்திருந்தார், அவை அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீஸ் நகரில் சிறுவயதில் கூட விளையாடிய வயலட் பேஜெட், அதாவது ‘வெர்னன் லீ’ என்ற பெயரில் எழுதியவர், வைத்திருந்தார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சார்ஜென்ட் ஆவணங்களுக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. யார் பத்திரப்படுத்தினார்களோ அவர்களிடம் அவர் பேசிய குரல்தான் நம் காதில் விழுகிறது. வெர்னன் லீக்கு எழுதும்போது இருபத்தேழு வயதுப் பையனின் குறும்பு. வாடிக்கையாளருக்கு எழுதும்போது நான்கு வரி, அளவு, தொகை, தேதி. இரண்டில் எது ‘உண்மையான’ சார்ஜென்ட் என்று கேட்பது வீண். அவர் பதிலளித்த கடிதங்களில் பெரும்பகுதி நம்மிடம் இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இன்னொரு தொல்லை தேதி. அவர் கடிதங்களில் பலவற்றுக்கு ஆண்டு கிடையாது. கிழமை மட்டும் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. உறை தப்பியிருந்தால் அஞ்சல் முத்திரை கைகொடுக்கும். உறை போய்விட்டால் அடுத்த பிடி முகவரி. லண்டனில் செல்சி பகுதியின் டைட் தெருவில் அவர் குடிபுகுந்த வீட்டுக்கு முதலில் எண் 13. பிற்பாடு அதே வீடு 33 ஆனது. 1900வாக்கில் பக்கத்து 31ஐயும் வாங்கிச் சேர்த்துக்கொண்டார், அதன்பின் தாளின் தலைப்பில் 31 வருகிறது. ஆக, தெரு எண்ணே ஒரு கடிதத்தை ஏறத்தாழ எந்தப் பத்தாண்டு என்று காட்டிவிடும். மூன்றாவது பிடி, லண்டனில் ஆண்டுதோறும் ஓவியக் கண்காட்சி நடத்தும் ராயல் அகாடமியின் நாட்காட்டி. மார்ச் கடைசியில், ஏப்ரல் தொடக்கத்தில் படங்களை அனுப்ப வேண்டும், மே மாதம் கண்காட்சி திறக்கும். ‘அனுப்பும் நாள் நெருங்குகிறது, இன்னும் இரண்டு சிட்டிங் (ஓவியர் முன் வந்து உட்காரும் அமர்வு) வேண்டும்’ என்ற பாணியில் ஒரு கடிதம் இருந்தால் அது பெரும்பாலும் மார்ச். கோடையில் அவர் லண்டனில் இருக்க மாட்டார். ஆல்ப்ஸ், வெனிஸ் என்று போய்விடுவார். புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் வேறு: தாளின் மூலையில் பென்சிலில் எழுதியிருக்கும் ஆண்டு. அது பின்னாளில் வாரிசோ விற்பனையாளரோ ஊகித்து எழுதியதாக இருக்கலாம். ஒரு தவறான பென்சில் ஆண்டு, ஓர் ஓவியத்தின் வரலாற்றையே இரண்டு வருஷம் தள்ளிவைத்துவிடும்.

இப்போது பாரிஸ். ‘மேடம் எக்ஸ்’ யாரும் கேட்டு வரைந்த படம் அல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து பாரிஸ் வங்கியாளர் ஒருவரை மணந்த விர்ஜினி அமெலி கோத்ரோவை வரைய ஆசைப்பட்டவர் சார்ஜென்ட்தான். அந்த ஆசையை அவரிடம் நேரில் சொல்லாமல், இருவருக்கும் தெரிந்த பென் டெல் காஸ்டில்லோ என்ற நண்பருக்குக் கடிதம் எழுதித் தூது அனுப்புகிறார். நான் அபாரத் திறமைக்காரன் என்று அந்த அம்மாளிடம் சொல்லி வை என்று சிபாரிசும் கேட்கிறார். 1883 பிப்ரவரியில் வெர்னன் லீக்கு எழுதுகிறார்: உடம்பு முழுக்க ஒரே சீராக இளம் ஊதாவாக, மை ஒற்றும் தாளின் நிறமாகப் பூசிக்கொள்கிறவர்களை உனக்குப் பிடிக்காதென்றால் என் மாடலையும் பிடிக்காது, ஆனால் அவள் உடற்கோடுகள் அற்புதம் என்ற பொருளில். அதே கடிதத்தில் அந்த நிறத்தை அக்காலத்துத் தொண்டை மாத்திரையான பொட்டாசியம் குளோரேட்டோடு ஒப்பிடுகிறார். இதைப் பிடித்துக்கொண்டு கோத்ரோ நிறம் வெளுக்க அந்த மாத்திரையைத் தின்றார் என்று முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. கடிதத்தில் இருப்பது உவமை மட்டும். அந்தக் கோடையில் பிரிட்டனி கடற்கரையில் பாரமே ஊருக்கு அருகே கோத்ரோ வீட்டில் தங்கி வரைந்தபோது, வரைய முடியாத அழகோடும் திருத்த முடியாத சோம்பலோடும் மல்லுக்கட்டுகிறேன் என்று மறுபடி லீக்கே எழுதுகிறார்.

1884 மே மாதம் பாரிஸின் ஆண்டு ஓவியக் கண்காட்சியான சலோனில் படம் தொங்கியது. பெயருக்குப் பதில் மூன்று நட்சத்திரக் குறி. உடையின் வலது தோள்பட்டி நழுவிக் கையில் கிடந்தது. அன்று நடந்ததற்கு நமக்குக் கிடைத்த நெருக்கமான சாட்சி ரால்ஃப் கர்ட்டிஸ், சார்ஜென்ட்டின் உறவினர், கூடப் படித்தவர். அவர் தன் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் காட்சி அப்படியே இருக்கிறது: படத்தின் முன் நின்று கூச்சலிடும் பெண்கள், முகம் இறுகிய நண்பர்களின் கண்ணில் படாமல் கதவுகளுக்குப் பின்னால் ஒதுங்கும் சார்ஜென்ட், மாலையில் அழுதபடி ஸ்டூடியோவுக்கு வரும் கோத்ரோவும் அவர் தாயும். என் மகள் கெட்டாள், பாரிஸே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது, படத்தை இறக்குங்கள் என்று தாய் கேட்கிறார். சார்ஜென்ட் மறுக்கிறார். தொங்கிய படத்தை இறக்க விதி இடம் தராது. அவர் உடுத்தியிருந்தபடிதான் வரைந்தேன். அவர் தோற்றத்தைப் பற்றி அச்சில் ஏற்கெனவே வந்ததைவிட மோசமாகப் படத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது என்கிறார். இதே கடிதத்தில் பலரும் விட்டுவிடும் ஒரு வரி: நாளின் பிற்பகுதிக்குள் காற்று திசைமாறி, படத்தைப் பிரமாதம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்பது. தோள்பட்டியை அவர் மேலே ஏற்றி மறுபடி வரைந்தது கண்காட்சி முடிந்த பிறகு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்று நாம் பார்ப்பது அந்தத் திருத்திய நிலை. லண்டன் டேட் காட்சியகத்தில் முடிக்கப்படாத இன்னொரு பிரதி இருக்கிறது. அதில் வலது தோளில் பட்டி வரையப்படவே இல்லை.

அப்படியானால் ஓடினாரா? காலவரிசையைப் பாருங்கள். சலோன் திறப்பதற்கு முன்பே, 1884 மார்ச்சில் அவர் லண்டன் போய், நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸுடன் அங்குள்ள ஓவியர்களின் ஸ்டூடியோக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டார். லண்டனுக்கு வந்து குடியேறு என்று நச்சரித்தவர் ஜேம்ஸ். ஷெஃபீல்டில் ஆயுத உருக்காலை நடத்திய விக்கர்ஸ் குடும்பத்தின் படங்களுக்கும் அந்த வசந்தத்திலேயே பேச்சு முடிந்திருந்தது. அழகில்லாத மூன்று பெண்களை அந்த அழுக்கு ஊரில் வரையப் போகிறேன் என்று லீக்கு எழுதிய வரி நாகரிகமாக இல்லை, ஆனால் தொழில் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது என்பதற்கு நல்ல ஆதாரம். பாரிஸ் ஸ்டூடியோவை அவர் உடனே காலி செய்யவும் இல்லை. 1886இல்தான் லண்டனில் நிலைகொண்டார். லண்டனும் மாலையோடு காத்திருக்கவில்லை. அந்த மூன்று விக்கர்ஸ் சகோதரிகளின் படம் 1886இல் அகாடமியில் தொங்கியபோது, ஒரு நாளிதழ் தன் வாசகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் மிக மோசமான படம் என்று பெயர் வாங்கியது. பாரிஸ் கதவைச் சாத்தவும் இல்லை: 1889 உலகக் கண்காட்சியில் அவருக்குப் பதக்கமும் பிரெஞ்சு அரசின் லீஜியன் ஆஃப் ஹானர் விருதும் கிடைத்தன. பிரெஞ்சு ஓவியர் மானேயின் ‘ஒலிம்பியா’ படத்தை அரசுக்கு வாங்கித் தர இன்னொரு ஓவியரான மோனே திரட்டிய நிதிக்கு சார்ஜென்ட் 1,000 ஃபிராங்க் கொடுத்தார். 1884க்குப் பிறகு பாரிஸில் உருவப்பட வேலை வறண்டது என்பது சரி. ஓடினார் என்ற சொல்லுக்கு அது போதாது.

வேலை எப்படி நடந்தது என்பதில்தான் கடிதங்கள் உண்மையில் பயன்படும். வாடிக்கையாளர் நேரடியாகவோ பொது நண்பர் மூலமோ எழுதுவார். சார்ஜென்ட்டின் பதிலில் படத்தின் அளவுக்கேற்ற தொகை (தலைமட்டும், முக்கால் உருவம், முழு உருவம்), எப்போது ஒழிவு, எத்தனை முறை உட்கார வேண்டும். 1888இல் கார்ட்னர் அம்மையார் கொடுத்தது 3,000 டாலர். 1900களில் முழு உருவத்துக்கு 1,000 கினி. கினி அப்போது நாணயமாகப் புழங்கவில்லை. 21 ஷில்லிங் என்ற கணக்கு மட்டும். வக்கீலும் மருத்துவரும் ஓவியரும் கட்டணத்தைக் கௌரவத்துக்காகக் கினியில் சொல்வார்கள். ஆகவே 1,000 கினி என்றால் 1,050 பவுண்டு. இதைப் பவுண்டாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு ஐந்து சதவீதம் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. எட்டு, பத்து சிட்டிங் சாதாரணம். லேடி அக்னியூவின் புகழ்பெற்ற படம் ஆறே சிட்டிங்கில் முடிந்தது என்பது அவரே சொன்னது.

ஸ்டூடியோவில் என்ன நடந்தது என்பதைக் கடிதங்கள் சொல்லாது. உட்கார்ந்தவர்களும் மாணவர்களும் பின்னாளில் எழுதிவைத்ததும், படங்களின் மீது ஆய்வகத்தில் நடந்த சோதனைகளும்தான் சொல்லும். கேன்வாஸை உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்திலேயே நிறுத்துவார். நாலைந்து எட்டு பின்னால் போய் இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிடுவார். முன்னால் வந்து ஒரு இழுப்பு. மறுபடி பின்னால். முகத்தின் நடுத்தர நிறத்தையும் பின்னணியையும் சேர்த்தே போடுவார்; பிறகு இருள், கடைசியில் வெளிச்சப் புள்ளிகள். கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாக வரையும் பழக்கம் இல்லை. தலையின் திரட்சி சரியாக விழுந்தால் அவை தாமாக இடத்தில் வந்து உட்காரும் என்பது அவருடைய ஆசிரியர் கரோலுஸ் துய்ரானின் பாடம். சரியாக விழவில்லையா, ஒட்டுப்போட மாட்டார். வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியால் முகம் முழுவதையும் வழித்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும், ஆனால் காரணம் வெறும் முன்கோபம் அல்ல. பாதி காய்ந்த எண்ணெய்ப் பூச்சின் மேல் மறுபடி தடிமனாகப் பூசினால் நிறம் மங்கும். கீழ் அடுக்கு மெதுவாகவும் மேலடுக்கு வேகமாகவும் காய்ந்தால் பிளவு விழும். வழித்துவிட்டுப் போட்ட முகம்தான் ஒரே மூச்சில் வரைந்தது போலத் தெரியும். 1902இல் போர்ட்லண்ட் சீமாட்டியின் படத்தில் வழிப்பதோடு நிற்காமல் கேன்வாஸையே கத்தியால் கிழித்துவிட்டு வேறொன்றில் புதிதாகத் தொடங்கினார் என்று அவர் கணவர் எழுதியிருக்கிறார்.

உடையைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். 1907இல் லேடி சசூனின் கறுப்புப் பட்டு மேலங்கியைப் பாருங்கள்: அந்த அங்கி இன்னும் இருக்கிறது, சாதாரணமாகத் தொங்கவிட்டால் முழுக் கறுப்பு. படத்தில் விளிம்பை மடக்கி, பின்னி, உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு லைனிங்கை வெளியே கொண்டுவந்து ஒரு நீரோடை மாதிரி கீழே இறக்கியிருக்கிறார். 1894இல் கிரஹாம் ராபர்ட்சன் என்ற ஒல்லியான இளைஞரைக் கோடை வெயிலில் கனத்த நீள ஓவர்கோட்டில் நிற்க வைத்தார். கோட்டை இறுக்கிச் சுற்றச் சுற்ற, உள்ளே இருந்த உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதாயிற்று என்பது ராபர்ட்சன் எழுதிய நினைவுக்குறிப்பு. கடிதம் அல்ல, பல ஆண்டு கழித்துச் சுவைக்காக எழுதியது. நம்பலாம், ஆனால் வேறு தராசில் நிறுக்க வேண்டும்.

‘அழகாக்கி வரைந்தார்’ என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பாதிப் பதில். உயரத்தையும் கழுத்தையும் துணியின் பளபளப்பையும் கூட்டினார். முகத்தில் தனக்குத் தெரிந்ததைக் குறைக்கவில்லை. கலைப்பொருள் வணிகர் ஆஷர் வெர்ட்ஹைமர் தன் குடும்பத்தை வரைய 1898இலிருந்து பத்தாண்டுக்குள் பன்னிரண்டு படங்கள் வாங்கினார். எனக்குத் தீராத வெர்ட்ஹைமர் வியாதி என்று லேடி லூயிஸுக்கு எழுதிய கடிதத்தில் சார்ஜென்ட் சிரிக்கிறார். அந்தத் தந்தையின் படத்தில் கையில் ஒரு சுருட்டு, காலடியில் நாக்கு நீட்டிய நாய், கண்ணில் ஒரு கணக்குப் பார்வை. யூதர் என்பதால் அதைக் கேலிச்சித்திரம் என்று படித்த விமர்சகர்கள் அன்றே இருந்தார்கள். வெர்ட்ஹைமர் அப்படிப் படிக்கவில்லை. லண்டன் தேசியக் காட்சியகத்துக்கே படங்களை எழுதி வைத்தார். இதில் யார் பார்வை சரி என்று கடிதங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. படத்தின் முன் நின்றால் எனக்கு வாடிக்கையாளர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

இனி 1907. ரால்ஃப் கர்ட்டிஸுக்கு அவர் எழுதிய வரி உண்மையானது: இனி உருவப்படம் இல்லை, வெறுக்கிறேன், துறக்கிறேன், குறிப்பாக மேல்தட்டு ஆட்களுடையது ஒன்றுகூட வேண்டாம். ‘போர்ட்ரெய்ட்’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு, ‘பாட்ரெய்ட்’ என்று வாயைக் கோணிப் பேசுவது போல எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் இந்தக் கிண்டல் காணாமல் போய், சபதம் மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் பலர் இதைக் கசப்பின் வெடிப்பாகப் படிக்கிறார்கள். இதே தொனியில் லேடி ராட்னருக்கு எழுதியதாக ஒரு வாசகமும் உண்டு: உங்கள் வாயிற்கதவை, வேலியை, களஞ்சியத்தை வரையச் சொல்லுங்கள், மனித முகத்தை மட்டும் கேட்காதீர்கள். அதே 1907இல் சர் பட்டம் தர முன்வந்தபோது, நான் அமெரிக்கக் குடிமகன் என்று பணிவாக மறுத்து எழுதினார். புகழின் உச்சியில் சலித்த மனிதர் என்பது சரியே.

ஆனால் சலிப்புக்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. பாஸ்டன் பொது நூலகச் சுவரோவியங்களை 1890இல் ஒப்புக்கொண்டார். 1907இல் அது பாதியில் நின்றது, கடைசிப் பகுதிகள் ஏறியது 1919இல். உருவப்படங்கள் அந்த வேலையைத் தின்றுகொண்டிருந்தன. கோடையில் தனக்காக வரைந்த நீர்வண்ணப் படங்களுக்கும் வழி பிறந்தது: 1909இல் ப்ரூக்ளின் அருங்காட்சியகம் 83 படங்களை மொத்தமாக 20,000 டாலருக்கு வாங்கியது, 1912இல் பாஸ்டன் இன்னொரு தொகுதி. கேட்டு வருகிறவர்களைச் சமாளிக்கக் கரிக்கோல் தலைப்படம் கைகொடுத்தது. அவற்றை ‘மக்ஸ்’, அதாவது மூஞ்சிகள், என்று அவரே கிண்டலாகச் சொல்வார். எண்ணெய்ப் படத்துக்கு எட்டு, பத்து நாள். கரிக்கோலுக்கு இரண்டு மூன்று மணி நேரம், ஒரே சிட்டிங், தொகையும் சிறு பங்கு. சுமார் 750 வரைந்தார். ஆக, நிறுத்தினார் என்பதைவிட, கடையின் பெரிய கதவைச் சாத்திச் சின்னக் கதவைத் திறந்துவைத்தார் என்பது பொருந்தும். பெரிய கதவும் அவ்வப்போது திறந்தது: 1908இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் பால்ஃபர், 1913இல் எழுபதாவது பிறந்தநாளுக்கு நண்பர்கள் சந்தா போட்டுக் கேட்ட ஹென்றி ஜேம்ஸ் (கூலி வாங்கவில்லை), 1917இல் வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் வில்சன். அந்தக் கடைசிப் படத்தின் கதை விசித்திரம்: செஞ்சிலுவைச் சங்க ஏலத்தில் வெற்றுக் கேன்வாஸை 10,000 பவுண்டுக்குக் கேட்ட கலை வணிகர் ஹியூ லேன், போரில் தாக்கப்பட்ட லூசிடானியா கப்பலோடு மூழ்கிப்போக, யாரை வரைவது என்று அயர்லாந்து தேசியக் காட்சியகம் தேர்ந்தது. 1906 ஜனவரியில் தாய் இறந்ததையும் நிறுத்தியதற்குக் காரணமாகச் சிலர் சேர்க்கிறார்கள். காலம் பொருந்துகிறது, அதற்குமேல் அது ஊகம்.

சந்தேகக் கணக்கில் வைக்க வேண்டியவை இன்னும் உண்டு. ‘ஒவ்வொரு படம் வரையும்போதும் ஒரு நண்பரை இழக்கிறேன்’, ‘உருவப்படம் என்பது வாய் ஏதோ சரியில்லாத படம்’ ஆகிய இரண்டும் எல்லா இடத்திலும் அவர் பெயரில் சுற்றுகின்றன. அவை வாய்வழி வந்தவை, கடித மேற்கோளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்ட்னர் அம்மையாரின் முகம் ஒன்பதாவது முயற்சியில்தான் வந்தது என்பதும் அவர் சொல்லிச் சொல்லிப் பரவிய எண். ஒன்பது அவருக்குப் பிடித்த எண் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

கடிதங்களில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் என்றால், 1916 ஜனவரியில் மெட்ரோபாலிட்டன் இயக்குநர் எட்வர்ட் ராபின்சனுக்கு எழுதியதைத் தேடுங்கள். கோத்ரோ அம்மையார் முந்தைய ஆண்டு இறந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தன் கையில் வைத்திருந்த படம் அப்போது சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் போயிருந்தது; அதை அருங்காட்சியகத்துக்குத் தரலாம் என்று தோன்றுகிறது, விலை 1,000 பவுண்டு, நான் செய்ததில் இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன் என்கிறார். பிறகு ஒரு நிபந்தனை: பல வருஷம் முன்பு அந்த அம்மாளோடு எனக்கு ஏற்பட்ட சண்டையை முன்னிட்டு, படத்தை அவர் பெயரால் அழைக்க வேண்டாம். அவர் நினைவில் நின்றது பாரிஸோடு போட்ட சண்டை அல்ல, உட்கார்ந்தவரோடு போட்டது. ‘மேடம் எக்ஸ்’ என்ற பெயர் அந்த நிபந்தனையின் விளைவு.